பிள்ளை பெற்று முடிந்த பெண்ணை யார் தேடிப் போவது? வன்னிப் பயணத்தில் கண்டது

இந்த முறை ஊருக்குப் போனபோது திருவிழாவிலும் கலியாண வீட்டிலும் இருந்ததைவிட, கிளினிக் வாங்குகளில் உட்கார்ந்திருந்த நேரம்தான் அதிகம். எங்கள் குடும்பத்தில் இரண்டு பெண்களுக்கு ஒரே காலத்தில் வைத்தியக் கவனிப்புத் தேவைப்பட்டது. ஒருவர் அறுபதை நெருங்கும் என் சின்னம்மா. மற்றவர் அவருடைய மருமகள், எனக்கு மச்சாள் முறை, ஏழு மாதக் கர்ப்பிணி. இருவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். இருவருக்கும் பொறுப்பு ஒரே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை. ஆனால் மருமகளைத் தேடி வந்த சேவை மாமியாரைத் தேடி வரவே இல்லை. கனடாவுக்குத் திரும்பிய பிறகும் அது மனதை அரித்துக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன்.

ஊர் இலங்கையின் வடக்கே, வன்னியில், முல்லைத்தீவு மாவட்டத்தின் உட்புறத்தில் இருக்கிறது. பிரதான வீதியில் இறங்கி, கிரவல் பாதையில் நெடுந்தூரம் போக வேண்டும். பஸ் காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று. 2009 இல் போரின் கடைசி மாதங்களில் எல்லாவற்றையும் விட்டு ஓடி, முகாமில் இருந்து, மீண்டும் வந்து காடு வெட்டிக் குடியேறிய சனம். கணவனை இழந்தோ தொலைத்தோ தனியே குடும்பத்தைச் சுமக்கும் பெண்கள் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருக்கிறார்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உண்மையிலேயே பெரிய நல்லது. மச்சாளைப் பார்க்கக் குடும்பநல உத்தியோகத்தர் ஸ்கூட்டியில் வீட்டுக்கே வந்தார். ஊரில் அவரை மிட்வைஃப் மிஸ் என்றுதான் சொல்வார்கள். முற்றத்துக் கதிரையில் உட்கார்ந்து, கர்ப்பிணிப் பதிவேட்டைத் திறந்து, போன கிளினிக்கில் எழுதிய நிறையையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்தார். இரும்புச்சத்துக் குளிசையைத் தேநீரோடு விழுங்குகிறீர்களா என்று கேட்டார். மச்சாள் தலையைக் குனிந்ததும், "தேநீர் குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேராது தங்கச்சி, படுக்கப் போகும்போது தண்ணீரோடு போடுங்கள்" என்றார். கால் வீங்கியிருக்கிறதா என்று தன் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். கர்ப்பிணிக்கென்று கிளினிக்கில் கொடுக்கும் திரிபோஷா சத்துமாவை வீட்டில் எல்லோருமாகப் பங்கிட்டுச் சாப்பிடுகிறார்களா என்றும் நைசாகக் கேட்டுவிட்டார். குழந்தை பிறந்த பிறகு முதல் பத்து நாட்களுக்குள்ளேயே இரண்டு தடவை வருவாராம். டொரொண்டோவில் நான் பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்தபோது என் கதவை யாரும் தட்டவில்லை.

இந்த ஏற்பாடு நேற்று முளைத்ததல்ல. 1926 இல் களுத்துறையில் தொடங்கிய முதலாவது சுகாதாரப் பிரிவிலிருந்து வளர்ந்து வந்த முறை. இலங்கையில் இன்று அநேகமாக எல்லாப் பிரசவங்களும் வைத்தியசாலையில்தான் நடக்கின்றன. தாய் மரண வீதத்திலும் நம் அயல் நாடுகள் பலவற்றைவிட இலங்கை நல்ல நிலையில் இருக்கிறது. போரின் நடுவிலும் வன்னியில் இந்த மருத்துவமாதர் மரத்தடியில் தராசு கட்டிக் குழந்தைகளை நிறுத்தார்கள் என்று ஊரில் இன்றும் நன்றியோடு சொல்கிறார்கள். அவசரம் என்றால் 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். 2018 முதல் வடக்கிலும் ஓடுகிறது, காசு இல்லை. பக்கத்து ஒழுங்கைப் பெண் ஒருத்தி இரவில் வலி வந்து அதில்தான் போய்ப் பிள்ளை பெற்றாள்.

சின்னம்மாவின் கதை வேறு. போன இரண்டாம் நாளே ஒன்றைக் கவனித்தேன். அவர் குந்தியிருந்து தேங்காய் துருவுவதில்லை, நின்றபடியே எல்லாம் செய்கிறார். கதிரையில் இருந்தாலும் நுனியில் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கிறார். பழைய சேலையைக் கிழித்து மடித்த துணிகளைத் தனியே தோய்த்து, வெளிக்கொடியில் போடாமல் அடுப்படிக்குப் பின்னால், ஆண்களின் கண் படாத இடத்தில் காயப்போடுகிறார். மாதவிலக்கு நின்று எத்தனையோ வருடமான பெண்ணுக்கு அந்தத் துணி எதற்கு? இரவு இருவரும் தனித்திருந்தபோது கேட்டேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "கீழே இறங்கி நிற்கிறது பிள்ளை. கடைசியவன் பிறந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்கியது. இப்போது நடந்தால் உரசுகிறது. சலமும் அடக்க முடியவில்லை."

கர்ப்பப்பை இறக்கம். அடுத்தடுத்துப் பிள்ளை பெற்று, ஓய்வில்லாமல் தண்ணீர்க் குடமும் விறகுக் கட்டும் தூக்கிய உடம்புக்கு வரக்கூடியது. இடுப்பின் அடித்தளத் தசைகள் தளர்ந்து, அவை தாங்கிப் பிடித்திருந்த கர்ப்பப்பை கீழே சரிகிறது. உயிரை உடனே எடுக்காது. ஆனால் ஒரு பெண் சிரிக்கவும் இருமவும் பஸ்ஸில் ஏறவும் பயப்படும்படி செய்துவிடும். இந்த நிலையோடு சின்னம்மா கச்சான் பிடுங்கக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார்.

அதே மிட்வைஃப் மிஸ் மாதா மாதம் அந்த முற்றத்துக்கு வந்திருக்கிறார். சின்னம்மாவே அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்திருக்கிறார். ஏன் அவரிடம் ஒரு சொல் சொல்லவில்லை என்று கேட்டேன். "மிஸ் பிள்ளைத்தாச்சிக்காக வருகிறவர். எனக்காக வருகிறவர் இல்லையே" என்றார்.

அந்தப் பதிலில் பிழை இல்லை. குடும்பநல உத்தியோகத்தரின் பதிவேடு பிள்ளை பெறக்கூடிய வயதுப் பெண்களைச் சுற்றியே அமைந்தது. கர்ப்பிணி, பாலூட்டும் தாய், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை, குடும்பத் திட்டம் என்று அவருடைய நாள் நிரம்பிவிடுகிறது. எங்கள் மிஸ் தன்னுடைய பிரிவோடு, ஆள் இல்லாத பக்கத்துப் பிரிவையும் பதில் கடமையாகப் பார்க்கிறார். மழைக்காலத்தில் ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு போகும் பாதைகள் அவை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சின்னம்மாவின் விடயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. மறுநாளே வந்து, அறைக்குள் அழைத்துப் போய்ப் பேசி, வைத்தியசாலைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

பிள்ளை பெறும் வயது தாண்டிய பெண்களுக்கு அரசு ஏற்பாடே இல்லை என்று யாரும் நினைக்கக்கூடாது. 1996 முதல் சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது. இரத்த அழுத்தம், நீரிழிவு, மார்பகப் பரிசோதனை, கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் பாப் பரிசோதனை எல்லாம் இலவசம். 35 வயதுப் பெண்களையும் 45 வயதுப் பெண்களையும் பாப் பரிசோதனைக்கு முக்கியமாக அழைக்கிறார்கள். பாடசாலைப் பெண் பிள்ளைகளுக்கு 2017 முதல் ஆறாம் வகுப்பில் அதே புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசியும் போடுகிறார்கள். இவ்வளவு இருந்தும் சின்னம்மாவின் வயதுப் பெண்களில் நான் விசாரித்த யாரும் அந்தக் கிளினிக்கின் வாசலை மிதித்ததில்லை. சிலருக்குப் பெயரே தெரியாது. தெரிந்தவர்கள் சொன்ன காரணங்களும் ஒன்றுபோல இல்லை. ஆண் வைத்தியர் பார்ப்பாரோ என்ற கூச்சம் ஒருத்திக்கு. புற்றுநோய் என்று சொல்லிவிட்டால் பிள்ளைகளை யார் பார்ப்பது என்ற பயம் இன்னொருத்திக்கு. "கணவன் இல்லாதவள் அந்தக் கிளினிக்குக்கு ஏன் போகிறாள் என்று கேட்பார்களே" என்று ஒரு விதவைப் பெண் சொன்னது என்னை உலுக்கிவிட்டது. எல்லோருக்கும் பொதுவான காரணம், கூலி. கிளினிக் நடப்பது வேலை நாளில், காலை நேரத்தில். ஒரு நாள் போனால் ஒரு நாள் சம்பளம் போச்சு. நுண்கடன் வசூலுக்குக் கிழமைக்கு ஒருமுறை ஆள் வரும் வீட்டில் அந்த ஒரு நாள் சிறிய விடயமல்ல.

சின்னம்மாவோடு வைத்தியசாலைக்கு முதல் பஸ்ஸில் போனேன். துண்டு எடுக்க ஒரு வரிசை, கொப்பி பதிய ஒரு வரிசை, பிறகு பெண்நோயியல் வைத்திய நிபுணரின் அறைக்கு வெளியே நீண்ட காத்திருப்பு. சலம் அடக்க முடியாத பெண்கள் வந்து காத்திருக்கும் அந்த இடத்துக்கு, கழிப்பறை கட்டடத்தின் மறுகோடியில் இருந்தது. சின்னம்மா காலையிலிருந்து ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஏன் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

வைத்திய நிபுணர் பொறுமையான மனிதர். ஆனால் அவருக்குத் தமிழ் சில சொற்கள்தான் தெரியும். சிங்களத்தில் கேட்டதைத் தாதி ஒருவர் தமிழில் சொன்னார். சத்தமாகச் சொன்னார், கேட்பது துணித் திரைக்கு இந்தப் பக்கம் இருந்த எல்லோருக்கும் விளங்கும்படி. எத்தனை பிள்ளை, எத்தனை நாளாகச் சலம் போகிறது, கணவரோடு உறவு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக வந்தது. ஆண்டுக்கணக்காகச் சொந்த மகனுக்கும் மருமகளுக்கும் மறைத்த ஒன்றை, அறிமுகமில்லாத இருபது பேர் அங்கே கேட்டுக்கொண்டிருந்தார்கள். சின்னம்மாவின் பதில்கள் வரவரச் சுருங்கி, கடைசியில் தலையசைப்பாகிவிட்டன. தாதியிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. காத்திருந்த கூட்டத்தை நினைத்து அவசரப்பட்டார். ஆனால் அந்த ஐந்து நிமிடத்துக்காகவே பல பெண்கள் இரண்டாம் முறை வரமாட்டார்கள். கதவு மூடக்கூடிய ஓர் அறையும், மெதுவாக மொழிபெயர்க்கத் தெரிந்த ஒரு பெண்ணும் போதும். பெரிய இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை.

சிகிச்சை இவ்வளவு எளிதாக இருக்கும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. கர்ப்பப்பையைத் தாங்கிப் பிடிக்க ஒரு வளையம் பொருத்தினார்கள். அதைக் காலத்துக்குக் காலம் கழற்றிச் சுத்தம் செய்து பார்க்க வேண்டும். தேவையானால் பிறகு சத்திரசிகிச்சை. இடுப்புத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியும் சொல்லிக் கொடுத்தார்கள். வெளியே வந்து வாங்கில் உட்கார்ந்த சின்னம்மா, முதல் முறையாக நிமிர்ந்து, முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். இத்தனை வருடமும் அவர் பட்ட வேதனையை இவ்வளவு சுலபமாகக் குறைத்திருக்கலாம் என்ற எண்ணத்தில் எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

புலம்பெயர்ந்த எங்களிடமும் பேச வேண்டிய ஒன்று இருக்கிறது. ஊர் வைத்தியசாலைக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்றால் கட்டடம், கட்டில், இயந்திரம் என்றே எங்கள் மனம் ஓடுகிறது. அவையும் தேவைதான். தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை பலர் நிதிக்காக நடைபயணம் போய்ச் சேர்த்த பணத்தில் 2013 இல் எழுந்தது. கிளிநொச்சியில் நெதர்லாந்தின் உதவியோடு பெண்களுக்கான சிறப்புச் சிகிச்சை நிலையம் 2024 இல் திறக்கப்பட்டது. இரண்டும் வடக்குக்குக் கிடைத்த பேறு. ஆனால் கிரவல் பாதையின் முடிவில் இருக்கும் ஒரு பெண் அந்த வாசல்வரை வந்து சேர, பஸ் காசும், இழந்த கூலிக்கு ஈடும், கூட வர ஓர் ஆளும் வேண்டும். இதற்குக் காசு கேட்டால் பெயர்ப்பலகை வைக்க இடமில்லை என்பதாலோ என்னவோ, கைகள் அவ்வளவாக நீள்வதில்லை. எங்கள் ஊர்ச் சங்கத்தில் இதை எழுப்பியிருக்கிறேன். கிளினிக் நாளில் ஒரு வான் பிடித்து, மாதர் சங்கப் பெண் ஒருவர் பொறுப்பாக, 35 வயது தாண்டிய பெண்களைக் கூட்டமாக அழைத்துப் போவதுதான் யோசனை. கூட்டமாகப் போகும்போது விதவைப் பெண்ணை யாரும் தனியே விரல் நீட்டிக் கேட்க முடியாது.

சுகாதாரத் துறையிடம் நான் கேட்பதும் புதிய திட்டம் அல்ல. குடும்பநல உத்தியோகத்தர் ஏற்கெனவே வீட்டு வாசலில் நிற்கிறார். கர்ப்பிணியைப் பார்த்து முடித்ததும், அதே வீட்டில் தேநீர் கொண்டு வரும் பெண்ணிடம் மூன்று கேள்வி கேட்க அவருக்கு நேரமும் அதிகாரமும் கொடுங்கள். சலம் கட்டுப்படாமல் போகிறதா, கீழே ஏதும் இறங்குகிறதா, மாதவிலக்கு நின்ற பிறகு இரத்தம் படுகிறதா என்று கேட்டால் போதும். அதற்கு வெற்றிடங்கள் நிரப்பப்பட வேண்டும். இரண்டு பிரிவைத் தனியே சுமப்பவரிடம் மூன்றாவது சுமையை ஏற்றச் சொல்லவில்லை. சுகவனிதையர் கிளினிக்கை மாதத்தில் ஒரு சனிக்கிழமையாவது நடத்தினால், கூலிக்குப் போகும் பெண்ணுக்கும் வழி கிடைக்கும்.

ஒன்ராறியோவில் மார்பகப் பரிசோதனைக்கு எனக்குக் கடிதம் வீடு தேடி வருகிறது. வன்னியில் கடிதத்துக்குப் பதிலாக ஒரு மனுசியே வீடு தேடி வருகிறார். அதைவிடச் சிறந்த ஏற்பாட்டை நான் எங்கும் கண்டதில்லை. அவர் பார்க்க வேண்டியவர்களின் பட்டியலில்தான் பாதிப் பேர் இல்லை.

அடுத்து ஊருக்குப் போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். சின்னம்மாக்களையும் பெரியம்மாக்களையும் மாமிமாரையும் தனியே கூப்பிட்டு, ஆண்கள் இல்லாத நேரத்தில் கேளுங்கள். முதல் முறை ஒன்றுமில்லை என்பார்கள், இன்னொரு முறை கேளுங்கள். அந்தப் பகுதி குடும்பநல உத்தியோகத்தரின் பெயரும் கிளினிக் நாளும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டால் சொல்வார்கள். 35, 45 வயதுக்காரர்கள்தான் போகலாம் என்று இல்லை. சின்னம்மாவின் அடுத்த தவணைக்கு மச்சாளால் கூடப் போக முடியாது, அப்போது கைக்குழந்தை இருக்கும். பக்கத்து ஒழுங்கையில் அதே குறையுள்ள இன்னொரு பெண் இருக்கிறார் என்று சின்னம்மாவே கண்டுபிடித்து, அவரையும் கூட்டிக்கொண்டு போகப் போவதாகப் போன கிழமை தொலைபேசியில் சொன்னார்.