ஆறு மாதம் கழித்துத் திரும்பினால்: ஆறு கூட்டு விளையாட்டுகள் பற்றிய ஓர் ஒப்பீடு

நண்பர்கள் சேர்ந்து ஆடும் ஆக்‌ஷன் விளையாட்டு எதுவானாலும் முதல் மாதம் நன்றாகத்தான் போகும். புதிய ஆயுதங்களும் புதிய இடங்களும் குறைகளை மறைத்துவிடும். அதனால் நான் அவற்றை வேறொரு கேள்வியால் அளக்கிறேன். தேர்வு, வேலை, கைக்குழந்தை என்று ஏதோ ஒரு காரணத்தால் ஆறு மாதம் விலகியிருந்தவர் திரும்பி வந்தால் அவருக்கு அங்கே இடம் இருக்கிறதா? நான் பார்த்தவரை, ஒரு விளையாட்டில் ஆண்டுக்கணக்காக நிலைப்பவர்கள் தினமும் ஆடுபவர்கள் அல்லர், விட்டுவிட்டு வருகிறவர்கள்தான்.

2013இல் வந்த வார்ஃப்ரேம் சேகரிப்பின் மேல் நிற்கிறது. ஐம்பதுக்கும் மேற்பட்ட கவசங்கள், நூற்றுக்கணக்கான ஆயுதங்கள். ஒரு கவசத்தின் பாகங்கள் தயாராக 12 மணி நேரம், அவற்றைப் பூட்டி முடிக்க இன்னும் 72 மணி நேரம். விளையாட்டுக்குள் செல்லும் காசைக் கொடுத்தால் காத்திருக்க வேண்டாம். அந்தக் காசையும் பிற வீரர்களுக்குப் பொருள்களை விற்றே சம்பாதிக்கலாம் என்பது நியாயமான ஏற்பாடு. திரும்பி வருபவர் எதையும் இழந்திருக்க மாட்டார். ஆனால் கூட்டாக ஆடுவது என்று பார்த்தால் இது பலவீனமான விளையாட்டு. பழைய வீரர் ஓர் அறைக்குள் பாய்ந்து எல்லா எதிரிகளையும் நொடியில் அழித்துவிடுவார், புதியவர் வெற்றறையில் பின்னால் ஓடிவருவார். நான்கு பேரும் ஒரே இடத்தில் தனித்தனியாக ஆடுகிறார்கள்.

டெஸ்டினி 2 இதற்கு நேர் எதிர். ரெய்டு எனப்படும் அதன் ஆறு பேர் சேர்ந்து ஆடும் பெரும் பணிகளைவிடச் சிறந்த கூட்டு ஆட்டத்தை நான் கண்டதில்லை. ஒருவர் கண்ணுக்குப் படும் குறியீட்டை இன்னொருவர் பார்க்க முடியாது. அவர் சொல்ல, இவர் கேட்டுச் செயல்பட வேண்டும், ஒருவர் தடுமாறினால் ஆறு பேரும் விழுவார்கள். இத்தனை அருமையானதைக் கையில் வைத்துக்கொண்டு அதன் தயாரிப்பு நிறுவனம் 2020 நவம்பரில் செய்த காரியத்தை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை. மூலக் கதையையும் சில கோள்களையும் விளையாட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2022 பிப்ரவரியில், ஃபார்சேக்கன் என்ற விரிவாக்கத்தின் கதையும் போனது. விலை கொடுத்து வாங்கியவர் திரும்பி வந்து தேடினால் அது இல்லை. இடைவெளி விட்டவரைத் தண்டிக்கும் விளையாட்டுக்கு மனம் விட்டு எப்படித் திரும்புவது?

ஹெல்டைவர்ஸ் 2 வீரர்கள் அனைவரையும் ஒரே போரில் நிறுத்துகிறது. 2024 மே மாதத்தில் அவர்கள் முன் ஒரு தேர்வு வைக்கப்பட்டது: ஒரு கோளை மீட்டால் புதிய வகைக் கண்ணிவெடி கிடைக்கும், இன்னொன்றை மீட்டால் கற்பனையான குழந்தைகள் மருத்துவமனை ஒன்று காப்பாற்றப்படும். கூட்டம் மருத்துவமனையைத் தேர்ந்தெடுத்தது. அந்த முடிவில் பங்கெடுத்தவர்கள் அதை எளிதில் மறக்க மாட்டார்கள். கட்டணப் பொருள்தொகுப்புகளுக்குக் காலக்கெடு கிடையாது என்பதும் நல்லது. சக வீரரின் குண்டு நம்மையும் கொல்லும் என்பதால் ஒருவர் எங்கே நிற்கிறார் என்று மற்றவர்கள் கவனித்தே ஆக வேண்டும். சிக்கல் என்னவென்றால், போர்க்கதையின் சூடு முழுக்கத் தயாரிப்பாளர்கள் கையில் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் பிடித்த ஆயுதங்களின் வலுவைக் குறைத்தபோது வீரர்கள் கொதித்தார்கள். செப்டம்பரில் வந்த திருத்தம்தான் அவர்களைச் சமாதானப்படுத்தியது.

மான்ஸ்டர் ஹண்டர்: வேர்ல்டில் நிலைப்பது கைப்பழக்கம். 14 வகை ஆயுதங்களில் ஒன்றைப் பழகியவருக்கு, மிருகம் எந்தக் காலைத் தூக்கினால் எந்தப் பக்கம் உருள வேண்டும் என்பது உடம்பிலேயே பதிந்துவிடுகிறது. தனியாக ஆடுபவருக்கு இதையே முதலில் சொல்வேன். நண்பர்களோடு கதையைத் தொடங்குவோருக்குச் சொல்லத் தயக்கம் உண்டு: புது வேட்டைகளில் இருவரும் வேட்டைக்கு இடையே வரும் கதைக்காட்சியைத் தனித்தனியே பார்த்து முடித்த பிறகே ஒன்றுசேர முடியும். 2009இல் வந்த லெஃப்ட் 4 டெட் 2இல் சேர்த்துவைக்க எதுவுமே இல்லை, பின்தங்கவும் வழியில்லை. அதனாலேயே அது இன்னும் ஆடப்படுகிறது.

டென்மார்க்கின் கோஸ்ட் ஷிப் கேம்ஸ் 2020இல் முழு வடிவில் வெளியிட்ட டீப் ராக் கலாக்டிக்குக்கு வந்தால் என் சார்பை மறைக்க முடியாது. நான்கு குள்ளர்கள், நான்கு தொழில்கள் (ஸ்கவுட், எஞ்சினியர், டிரில்லர், கன்னர்), ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாகும் குகை. உச்சியில் கனிமம் தெரிகிறது. ஸ்கவுட் கொக்கி வீசி ஏறிவிடுவார், ஆனால் அங்கே நிற்க இடமில்லை. எஞ்சினியர் கீழிருந்து ஒரு மேடையைச் சுட்டு ஒட்டவைத்தால்தான் வெட்ட முடியும். இதற்கு மைக் வேண்டாம், பொதுமொழி வேண்டாம். அந்தக் கனிமத்தை லேசரால் சுட்டிக்காட்டினால் போதும். முன்பின் தெரியாத ஒருவர் அடுத்த நொடியே மேடை போட்டுத் தருவார். டிரில்லர் சுரங்கம் தோண்டுவார், கன்னர் பள்ளத்தின் குறுக்கே கயிற்றுப் பாதை இடுவார். எடுக்கும் கனிமம் எல்லாருக்கும் பொது. தோட்டா தீர்ந்தால் குழு சேர்ந்து சேகரித்த நைட்ரா என்ற கனிமத்தில் 80 கொடுத்துத் தோட்டாப் பெட்டியை வரவழைக்க வேண்டும். வந்து இறங்கும் பெட்டியில் நான்கு பங்கு. தனக்கு வேண்டியதற்கு மேல் எடுப்பவரைக் குழு உடனே கவனித்துவிடும்.

அனுபவசாலியால் புதியவரை இங்கே தேவையற்றவராக்க முடியாது, ஏனெனில் எவ்வளவு உயர்ந்த எஞ்சினியரிடமும் கொக்கி இல்லை. சீசன் எனப்படும் குறிப்பிட்ட காலப் பருவங்களின் பரிசுகள் இலவசம். தவறவிட்டவை பின்னர் குகைகளிலேயே கிடைக்கும், 2024 முதல் பழைய சீசனையே தேர்ந்தெடுத்து ஆடலாம். குறையும் உண்டு. கதை என்று ஒன்றும் இல்லை, பணி வகைகள் சீக்கிரமே பழகிவிடும். தினமும் மூன்று மணி நேரம் ஆடுபவருக்கு வார்ஃப்ரேம் அளவுக்கு இதில் தீனி கிடையாது.

அப்படி ஆடுபவர்களுக்கு வார்ஃப்ரேமே சரி. வாரம் ஒரு மாலை மட்டும் சேர முடிகிற, அதிலும் யாராவது ஒருவர் மாதக்கணக்கில் காணாமல் போகிற நான்கு நண்பர்கள் என்றால், டீப் ராக்கை வாங்குங்கள். போனவர் திரும்பும் மாலையில் அவருக்காக எதையும் மறுபடி விளக்க வேண்டியிருக்காது.