அரசியல் கட்சியோடு இணைந்த தொழிற்சங்கமா, தனித்து நிற்கும் சங்கமா?

புதிதாகச் சங்கம் தொடங்குபவர்கள் திணறும் இடம் இது.

பணம், ஆள்பலம்: இணைந்த சங்கத்துக்கு வழக்கறிஞரும் அனுபவமுள்ள தலைவர்களும் சீக்கிரம் கிடைப்பார்கள். தனிச் சங்கம் சந்தாவையே நம்ப வேண்டும்; வேலைநிறுத்தம் நீண்டால் கை காய்ந்துவிடும்.

ஒற்றுமை: இதில் தனிச் சங்கத்துக்கே என் ஓட்டு. வேறு கட்சிக்கு ஓட்டுப் போடுபவரும் தயங்காமல் உறுப்பினராகலாம். இணைந்த சங்கத்தில், கட்சி உடைந்தால் சங்கமும் உடையும்.

சட்டம் இயற்றுவது: இணைந்த சங்கம்தான் முன்னணி. குறைந்தபட்ச ஊதியம் போன்றவற்றுக்கான சட்டங்கள் நாடாளுமன்றத்திலும் சட்டமன்றத்திலும்தான் முடிவாகின்றன.

கட்சி ஆட்சிக்கு வந்தால்: உண்மையான சோதனை இங்கேதான். பிரிட்டனில் 1900இல் தொழிற்சங்கங்களும் சோசலிச அமைப்புகளும் சேர்ந்து தொடங்கிய குழுதான் பின்னர் லேபர் கட்சியானது. அந்தக் கட்சியின் ஆட்சியிலேயே 2002இல் தீயணைப்பு வீரர்கள் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். 2004இல் அவர்களுடைய சங்கம் கட்சியிலிருந்து விலகியது. 2015இல் மீண்டும் இணைந்தது. போலந்தில் 1989இல் சாலிடாரிட்டி சங்கத்தினர் தலைமையில் அமைந்த அரசே, வேலையிழப்பைக் கொண்டுவந்த சந்தைச் சீர்திருத்தங்களைத் தொடங்கியது. சொந்த அரசை எதிர்த்துக் கொடி பிடிப்பது எந்தச் சங்கத்துக்கும் வேதனையானது.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? சிதறிக் கிடக்கும், சட்டப் பாதுகாப்பே இல்லாத தொழிலாளர்களுக்கு இணைந்த சங்கம் நல்லது. ஒரே ஆலையில் பல கட்சிக்காரர்கள் இருந்தால் தனிச் சங்கமே பொருந்தும். இணைந்தாலும், வேலைநிறுத்த முடிவை உறுப்பினர்களின் ரகசிய வாக்கெடுப்புக்கே விடுமாறு விதியில் எழுதிவிடுங்கள்.