மரப்பாச்சிக்குப் புடவை: பழைய பட்டா, மெல்லிய பருத்தியா?

கொலு மரப்பாச்சி ஜோடிக்கு உடுத்தத் துணி தேடினால், வீட்டில் முதலில் வெளியே வருவது மடிப்பில் கிழிந்துபோன ஒரு காஞ்சிப் பட்டுப் புடவைதான். அதை வெட்டலாம் என்பார்கள். இன்னொரு வழி, துவைத்துத் துவைத்து மெலிந்த பருத்தி: பழைய அங்கவஸ்திரம், மல்மல், பொடிப் புள்ளிச் சுங்குடி. நான் பருத்தியைத்தான் எடுத்தேன்.

பட்டின் பளபளப்புக்குப் பருத்தி ஈடாகாது, அதில் வாதமே இல்லை. விலையும் பிரச்சினை இல்லை, இரண்டும் வீட்டுத் துணி. கடையில் தைத்தே விற்கும் பொம்மைப் புடவைகள் பின்பக்கம் வெல்க்ரோ ஒட்டிய பாவாடைதான். அவசரத்துக்கு ஆகும்.

முடிவைத் தீர்மானித்தது துணியின் தடிமன். ஓரடி உயர மரப்பாச்சி ஏறக்குறைய ஆளில் ஐந்தில் ஒரு பங்கு. ஐந்தரை மீட்டர் புடவை அதற்கு 1.1 மீட்டர் ஆகிவிடும், ஐந்து அங்குலக் கரை ஓர் அங்குலம் ஆகிவிடும். நீளத்தையும் அகலத்தையும் கத்தரிக்கோல் குறைத்துவிடும், தடிமனை எதுவும் குறைக்காது. ஆள் கட்டும்போது ஏழு கொசுவம் வைத்தால் இடுப்பில் அந்த இடத்தில் மட்டும் பதினான்கு அடுக்கு. அதே பட்டில் அதே பதினான்கு அடுக்கை ஐந்தில் ஒரு பங்கு இடுப்பில் செருகினால் பொம்மைக்கு வயிறு முளைத்துவிடும். அதோடு, புடவை கீழே விழுந்து நிற்பது அதன் சொந்த எடையால். ஏழு அங்குலம் மட்டுமே தொங்கும் துண்டுக்கு அந்த எடை கிடையாது. எடை போய் விறைப்பு மட்டும் மிஞ்சுவதால், சரிகைக் கரையுள்ள பட்டுக் கொசுவம் குடை மாதிரி விரிந்து நிற்கும். இஸ்திரி போட்டால் கொஞ்சம் அடங்கும், அவ்வளவுதான்.

மல்மல் அப்படி அடம் பிடிக்காது. துணியை நனைத்துப் பிழிந்து, ஈரத்திலேயே கொசுவம் வைத்து, நூலால் லேசாகக் கட்டி நிழலில் காயவிட்டால் மடிப்பு அப்படியே படிந்துவிடும். பட்டை நனைக்க எனக்குத் துணிச்சல் வராது. நீளத்தையும் கணக்குப்படி 1.1 மீட்டர் வைக்க வேண்டியதில்லை, 80 சென்டிமீட்டரும் நான்கு கொசுவமும் போதும். பார்ப்பவர் யாரும் கொசுவத்தை எண்ணப் போவதில்லை. மரம் வழுக்கும் என்பதால் முதலில் இடுப்பில் ஒரு பருத்தி நாடாவைச் சுற்றிக் கட்டிவிட்டு, புடவையை அதில் செருக வேண்டும்.

கரையிலும் பருத்திக்கு ஓர் அனுகூலம் உண்டு. அங்கவஸ்திரத்தின் சரிகை ஓரம் ஏற்கெனவே அரை அங்குலம்தான், பொம்மை அளவுக்கென்றே நெய்தது போல இருக்கும். வெள்ளை வேண்டாம் என்றால் வண்ண மல்மலில் குறுகிய சரிகை லேஸைத் தைத்துவிடலாம். காஞ்சிக் கரையை நறுக்கினால் பாதி மயிலும் கால் யாளியும்தான் மிஞ்சும். புடவையின் உடல் பகுதியில் இருக்கும் மாங்காய் புட்டாவோ ஒன்றே பொம்மையின் மார்பை மூடிவிடும். மதுரைச் சுங்குடியின் முடிச்சுப் புள்ளிகளுக்கு அந்தச் சிக்கல் இல்லை. செட்டிநாட்டுக் கண்டாங்கியும் பருத்திதான், ஆனால் அந்தப் பெரிய கட்டங்கள் இங்கே எடுபடாது.

ஒரு எச்சரிக்கை. கொசுவம் நிற்கட்டும் என்று பருத்திக்குக் கஞ்சி போடாதீர்கள். கொலு முடிந்ததும் பொம்மைகள் துணியோடு பரணுக்குப் போகும், கஞ்சித் துணியைத் தேடிப் பூச்சி வரும். வெறும் தண்ணீர் போதும். பெட்டியில் ஒரு துண்டு வசம்பு போட்டு வையுங்கள்.

பட்டை அடியோடு ஒதுக்கவும் மனமில்லை. கல்யாணப் புடவையின் துண்டு கொலுவில் இருக்க வேண்டும் என்று வீட்டில் ஆசைப்பட்டால், கொசுவம் இல்லாத இடத்தில் பயன்படுத்தலாம். ரவிக்கைக்கு மிக நன்றாக வரும். எங்கள் மரப்பாச்சிக்குக் கை உடம்போடு ஒட்டியே செதுக்கப்பட்டிருப்பதால் ரவிக்கையைத் தைத்து மாட்ட வழியில்லை, துண்டைச் சுற்றிப் பின்னால் பசை வைப்பதுதான். அங்கே பட்டின் விறைப்பு உதவுகிறது. வெட்டிய ஓரம் பிரியாமல் இருக்க நீர்த்த ஃபெவிகாலை மெல்லிசாகத் தடவ வேண்டும். இரண்டடிக்கு மேல் உயரமான பொம்மை என்றால் பட்டுப் புடவையே நன்றாக விழக்கூடும். அவ்வளவு பெரியதற்கு நான் உடுத்தியதில்லை.

மடிசாரும் பஞ்சகச்சமும் இரண்டு துணியிலும் பாதி ஏமாற்றுதான். கால்களும் ஒட்டியே இருப்பதால் கச்சம் நடுவே போகாது, பின்னால் ஒரு மடிப்பைத் தனியாகச் செருகி ஒப்பேற்ற வேண்டும். பார்பிக்கு இந்தத் தடை இல்லை. ஆனால் குழந்தை தினமும் அவிழ்த்துக் கட்டும் துணி எத்தனை நாள் தாங்கும் என்பதில் எனக்கு அனுபவம் குறைவு. அதற்கு மல்மலைவிடக் கொஞ்சம் கெட்டியான ‘வாயில்’ (voile) துணியை எடுப்பேன் என்று மட்டும் தோன்றுகிறது.