மாங்காய்ப் பணமும் ஓர் ஏபிகே கோப்பும்: காவேரிப்பட்டணத்தில் மூன்று வாரம்

துபாயிலிருந்து பெங்களூரு வந்து, ஓசூர் வழியாகப் பேருந்தில் கிருஷ்ணகிரி இறங்கியது ஜூன் மாதம். காவேரிப்பட்டணம் சாலை முழுக்க மாங்காய் லோடு, கூழ் ஆலைகளை நோக்கி வரிசையாக. வருஷத்தில் தோப்புக்காரர்கள் கையில் நாலு காசு புரளும் நாட்கள் இவைதான்.

பணம் கொடுப்பதில் எனக்கு இந்த முறை சிரமமே இல்லை. அமீரகம், சிங்கப்பூர் போன்ற சில நாட்டு மொபைல் எண்களை, வெளிநாடு வாழ் இந்தியர்களுக்கான என்ஆர்ஈ, என்ஆர்ஓ வங்கிக் கணக்கோடு இணைத்து யுபிஐ வைத்துக்கொள்ள 2023-இல் வழி வந்துவிட்டது. டீக்கடை, நிப்பட்டுக் கடை, மாங்காய் மண்டி எல்லா இடத்திலும் க்யூஆர் அட்டை. மனசுக்கு நிறைவாகத்தான் இருந்தது, நாலாம் நாள் காலை வரை.

அன்று சித்தப்பா போனை நீட்டினார். "கண்ணு, ராத்திரி ரெண்டு தடவை பணம் போயிருக்குதுன்னு பேங்க்ல இருந்து வந்திருக்கு. நான் யாருக்கும் போடலையே?" மொத்தம் 38,000 ரூபாய். பெங்களூரா ரக மாங்காய் விற்ற பணம்.

முந்தின நாள் சாயங்காலம், பிஎம் கிசான் பெயரில் ஒரு ஏபிகே கோப்பு, அதாவது ப்ளே ஸ்டோருக்குப் போகாமலே ஆண்ட்ராய்டு போனில் ஆப்பை நிறுவும் கோப்பு, ஊர் வாட்ஸ்அப் குழுவில் வந்திருக்கிறது. ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணையாகத் தரும் திட்டம் அது. தவணை நின்றுபோனவர்கள் இதில் பதியவும் என்று தமிழில் ஒரு வரி. அனுப்பிய எண் பக்கத்து வீட்டு மாமாவுடையது. மாமாவோ அதை அனுப்பவே இல்லை. அவர் போனில் முன்பே இறங்கிய அதே ஆப் ஓடிபியைப் பிடித்துக் கொடுக்க, அவர் வாட்ஸ்அப்பை வேறு யாரோ நடத்திக்கொண்டிருந்தார்கள்.

போன் சித்தப்பாவைத் தடுக்காமல் இல்லை. தெரியாத இடத்திலிருந்து வரும் ஆப் என்று நிறுத்தியிருக்கிறது. எஸ்எம்எஸ் படிக்க அனுமதிக்கலாமா என்று தனியாகக் கேட்டிருக்கிறது. எல்லாம் ஆங்கிலத்தில். அவர் தினமும் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கிறவர், தமிழில். ஏமாற்றுக்காரன் அவரிடம் தமிழில் பேசினான். காப்பாற்ற வேண்டிய போன் ஆங்கிலத்தில் பேசியது. இது எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆப்புக்குள் ஆதார் எண், ஏடிஎம் கார்டு எண், கார்டின் பின்னாலிருக்கும் மூன்று இலக்கம் வரை கேட்டிருக்கிறார்கள். கொடுத்துவிட்டார். அதற்குப் பின் வந்த ஓடிபிகளை அந்த ஆப்பே படித்து அனுப்பிவிட்டது. எஸ்எம்எஸ் அனுமதி கிடைத்துவிட்டால், 'ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள்' என்ற அறிவுரைக்கு வேலையே இல்லை. யாரும் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டேன். என் போனிலிருந்து சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்கு அழைத்தேன். தமிழிலேயே பேசினார்கள். வங்கி, கணக்கு எண், பணம் போன நேரம், பரிவர்த்தனை எண் எல்லாம் கேட்டு, புகார் எண் கொடுத்தார்கள். போன பணம் கைமாறிக்கொண்டே இருக்கும். அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்த வேண்டும். அதனால்தான் எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோம் என்பது இவ்வளவு முக்கியம். கார்டை முடக்கக் கிளைக்குப் போனோம். அங்கே நீட்டிய படிவமும் ஆங்கிலத்தில்தான். நான் கூட இல்லாவிட்டால் சித்தப்பா அதை யாரிடம் நீட்டியிருப்பார்?

ஆப்பை நீக்குவது எளிதாக இல்லை. திரையில் அதன் படமே இல்லை. செட்டிங்ஸில் ஆப் பட்டியலைத் திறந்து தேடினால், போனையே நிர்வகிக்கும் உரிமையை வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அந்த உரிமையை எடுத்த பிறகுதான் அழிந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. போட்டோக்களை மட்டும் எடுத்து வைத்துவிட்டு, போனை முழுதாக ரீசெட் செய்தேன்.

அடுத்த வாரம் ஒரு கல்யாணத்துக்காகக் கிருஷ்ணகிரியில் லாட்ஜில் தங்கினோம். வரவேற்பறைச் சுவரில் வைஃபை பாஸ்வேர்ட். போனில் பார்த்தால் ஒரே பெயரில் இரண்டு வைஃபை. ஒரு பெயரை யார் வேண்டுமானாலும் தன் கருவிக்கு வைத்துக்கொள்ளலாம். பெயரைப் பார்த்து நம்ப முடியாது. ஒன்றில் சேர்ந்த தம்பி மகளிடம், நெட் வேண்டுமென்றால் மெயில் பாஸ்வேர்டைப் போடு என்று ஒரு பக்கம் கேட்டது. போட விடவில்லை. ரயில் நிலையங்களில் கிடைக்கும் ரயில்வயர் வைஃபைக்கே மொபைல் எண்ணும் ஒரு ஓடிபியும் போதும். வைஃபை கொடுப்பவருக்கு மெயில் பாஸ்வேர்ட் எதற்கு? இப்போது பெரும்பாலான தளங்கள், போகும் வரும் தகவலைப் பூட்டி அனுப்பும் எச்டிடிபிஎஸ்ஸில் இயங்குவதால் நடுவில் இருப்பவன் அவ்வளவு எளிதில் எதையும் படித்துவிட முடியாது. ஆனால் இப்படி ஒரு போலிப் பக்கத்தில் நாமே எழுதிக் கொடுத்தால் அந்தப் பூட்டு என்ன செய்யும்? தளம் அசல்தான் என்று காட்டும் சான்றிதழ் சரியில்லை என்று பிரவுசர் எச்சரித்தும் தாண்டிப் போனால் அதுவும் இதே கதைதான். அந்த இரண்டு நாளும் எல்லோரும் மொபைல் டேட்டாவில் இருந்தோம்.

கிளம்புவதற்கு முன் சித்தப்பா போனின் மொழியைத் தமிழுக்கு மாற்றினேன். வாட்ஸ்அப் வழியாக ஆப் நிறுவும் அனுமதியை எடுத்தேன். மாங்காய்ப் பணத்தைத் தனிக் கணக்குக்கு மாற்றி, அதற்குக் கார்டே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தோம். பக்கத்து வீட்டு மாமா, மண்டிக் கணக்குப்பிள்ளை, சித்தியின் தங்கை என்று ஒவ்வொருவராகத் திண்ணைக்கு வந்து போனை நீட்டினார்கள். எல்லாவற்றையும் தமிழுக்கு மாற்றிக் கொடுத்தேன்.

38,000-இல் 15,000 ரூபாயை வேறொரு கணக்கில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இன்னும் கைக்கு வரவில்லை. துபாய் திரும்பிய பத்தாம் நாள் சித்தப்பா அழைத்தார். இன்று இரவே கரண்ட் கட் ஆகும், இந்த ஆப்பைப் போடுங்கள் என்று ஒரு கோப்பு வந்ததாம்.

"தொட்டீங்களா சித்தப்பா?"

"தொட்டேன் கண்ணு. ஆனா போனு வேண்டாம்னு சொல்லுது. இரு, என்ன எழுதியிருக்குன்னு படிக்கிறேன்" என்று கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டாமல் மடமடவென்று படித்தார்.