குழித்தட்டா, பேப்பர் கப்பா, கொட்டாங்கச்சியா?

மொட்டை மாடியில் நேரடியாக விதைத்தால் பாதி எறும்புக்கு, மீதி வெயிலுக்கு. அதனால் ஆடிப்பட்டத்துக்கு ஒரு மாதம் முன்பே வீட்டுக்குள் நாற்று விட்டுவிடுவேன். எதில் விடுவது என்பதில்தான் வருடா வருடம் குழப்பம்.

நர்சரிக்காரர்கள் கையாளும் 98 குழித் தட்டுக்கு ஒரு பெரிய பலம் உண்டு. அடியில் விரலால் அழுத்தினால் நாற்று வேரோடு ஒரே கட்டியாக எழும்பி வரும். வேர் அறுபடாததால் நட்ட பிறகு அவ்வளவாக வாடாது. ஆனால் குழி சின்னது. அதில் நிரப்பும் தென்னை நார்க்கழிவில் சத்தும் பெரிதாகக் கிடையாது. ஒரு நாள் தண்ணீர் மறந்தால் போச்சு. அப்புறம், பத்துச் செடி வளர்க்கிற வீட்டுக்கு 98 குழி எதற்கு? நான் கத்தரிக்கோலால் வெட்டி, இருபது குழியை மட்டும் வைத்துக்கொண்டேன்.

பேப்பர் கப்பில் நார்க்கழிவோடு மண்புழு உரமும் கலந்து நிறையவே போடலாம். தக்காளி நாற்று 25 நாளில் தயாராகிவிடும். மிளகாய்க்கு 35 நாளுக்கு மேல் ஆகும் என்பதால் அதற்கு இந்த இடவசதி அவசியம். கப்பின் உட்புறம் பிளாஸ்டிக் பூச்சு இருக்கும், நடும்போது கிழித்து எடுத்துவிட வேண்டும். அடியில் மூன்று ஓட்டையாவது போடுங்கள். போன வருடம் சோம்பல்பட்டு ஒன்றோடு நிறுத்தினேன். ஒரே வாரத்தில் மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு நூலாக இளைத்து, வரிசையாகச் சாய்ந்தன. நாற்றழுகல்தான். ஈரம் தேங்கினால் விடாது.

கொட்டாங்கச்சி காசில்லாதது. கண்ணைக் குத்திவிட்டால் வடிகாலும் தயார். செண்டுமல்லிக்கு நன்றாகவே இருக்கிறது. காய்கறி நாற்றைக் கட்டி உடையாமல் வெளியே எடுப்பதுதான் பெரும்பாடு.

எதில் போட்டாலும், முளை தலைகாட்டும் வரைதான் இருட்டு மூலை சரிப்படும். அதற்குப் பிறகும் அங்கேயே விட்டால் வெளிறி நெடுநெடுவென்று போய்விடும். எங்கள் வீட்டில் கிழக்கு ஜன்னல் திட்டுதான் நாற்றங்கால். நடுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து தினமும் கொஞ்ச நேரம் வெளி வெயிலிலும் வைப்பேன்.

இந்த முறை மிளகாய்க்கும் கத்தரிக்கும் கப், தக்காளிக்கு வெட்டிய தட்டு. வெண்டை, முள்ளங்கி, கீரைக்கு இந்தச் சீராட்டல் எதுவும் வேண்டாம், நேராகத் தொட்டியில்தான்.