ஃபைபர் பாடியில் விரிசல்: பட்டியா, மேட்டா, எபாக்சியா?

சென்னையில் யாராவது 'ஃபைபர்' என்று சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். பம்பர் உடைந்து போய் நின்றால் "ஃபைபர் பம்பர்தான் சார், ஒட்டிடலாம்" என்பார்கள். இன்றைக்கு ஓடுகிற கார்களில் பெரும்பாலான பம்பர்கள் பாலிபுரொப்பிலீன், அதாவது பிளாஸ்டிக். அதில் ரெசின், அதாவது ஃபைபரை ஒட்டுகிற பிசின், பிடிக்காது. ஒட்டியது போல இருந்து ஒரு வாரத்தில் தோல் மாதிரி உரிந்து வரும். அதற்குச் சூடு வைத்துச் செய்கிற பிளாஸ்டிக் வெல்டிங்தான் சரி. சந்தேகம் இருந்தால் உள்பக்கம் ஒரு ஓரத்தில் எமரித் தாளால் தேய்த்துப் பாருங்கள். பிளாஸ்டிக் நூல் நூலாகச் சுருளும். ஃபைபர்கிளாஸ், அதாவது கண்ணாடி இழையை ரெசினில் ஊறவைத்து இறுக்கியது, வெள்ளை மாவாக உதிரும், சாயங்காலம் முழங்கை வரைக்கும் அரிக்கும்.

என்னுடையது அரிக்கிற ஜாதி. பெங்களூர் சிபானி கம்பெனி 1980களில் தயாரித்த டால்ஃபின். இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டன் காரை வைத்து இங்கே செய்தது: இரும்பு சேசிஸ், 848 சிசி இன்ஜின், மேலே முழுக்க ஃபைபர்கிளாஸ் பாடி. "துருவே பிடிக்காது மாப்ளே" என்று சொல்லித்தான் மாமனார் சாவியைக் கொடுத்தார். சொன்னபடி துருப் பிடிக்கவில்லை. விரிசல் விட்டது. கதவு திறக்கிற வாசலின் முன்பக்கக் கீழ் மூலையில், இடது பக்கம் நாலு அங்குலத்துக்கு, வலது பக்கம் அதைவிடக் கொஞ்சம் குறைவாக. ஒரே மாதிரி இரண்டு விரிசல் இருந்ததால் பாலியஸ்டர், எபாக்சி என்ற இரண்டு வைத்தியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. ஜீப் ஹார்டுடாப், பஸ்ஸின் முன்பக்க ஷோ, பாடி கிட் என்று எந்த ஃபைபர்கிளாஸ் வைத்திருப்பவருக்கும் இது பொருந்தும்.

முதலில் பட்டி. நானும் அங்கேதான் ஆரம்பித்தேன். பழக்கமான ஒரு ஷெட்டில் பெயின்ட்டைச் சுரண்டி, விரிசல் மேல் பட்டி இழுத்து, வாட்டர் பேப்பர் போட்டு, பிரைமர் அடித்து, ஒன்றரை நாளில் கொடுத்துவிட்டார்கள். கண்ணாடி மாதிரி இருந்தது. நாலாவது மாதம், மழைக்கு முன்னாலேயே, அதே இடத்தில் அதே கோடு. வேலை செய்தவர் மீது தப்பில்லை, பொருள்தான் அப்படி. பட்டி என்பது பாலியஸ்டர் ரெசினில் டால்க் மாதிரி மாவைக் குழைத்தது. அதில் இழை கிடையாது. விரிசல் விட்ட பாடியில் கண்ணாடி இழைகளே அறுந்திருக்கின்றன. வண்டி ஓடும்போது அந்த இரண்டு உதடுகளும் மயிரிழை அளவுக்கு ஏறி இறங்குகின்றன. மாவு அதைத் தாங்குமா? எம்-சீல் வைத்து அடைத்தாலும் இதே கதை, கொஞ்சம் கூடுதல் நாள் நிற்கலாம். மேடு பள்ளத்தைச் சமன் செய்யத்தான் பட்டி. பழுதை எல்லாம் சரிசெய்த பிறகு, மெல்லிசாக.

அப்புறம்தான் காசிமேடு போனேன். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையோரம் முழுக்கக் கட்டுமரங்களின் இடத்தை ஃபைபர் படகுகள் பிடித்துக்கொண்டன. அதனால் ஃபைபர்கிளாஸைப் பழுதுபார்க்கத் தெரிந்த கை சென்னையில் அதிகம் இருப்பது கார் ஷெட்டில் இல்லை, கடற்கரையில்தான். படகு வேலை செய்கிற ஓர் அண்ணன் வண்டியைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. நேரே கீழே படுத்து, டார்ச்சை உள்பக்கமிருந்து அடிக்கச் சொன்னார். பெயின்ட் சுரண்டிய இடத்தில் ஃபைபர் தேன் நிறத்தில் ஒளி விட்டது. நடுவே விரிசல் கறுப்பாக, நான் நினைத்ததைவிட இரண்டு அங்குலம் நீளமாக ஓடிக்கொண்டிருந்தது. "போட்டுல ஓட்டைன்னா மேல பட்டி பூசிட்டு கடலுக்குப் போயிடுவாங்களா சார்? உள்ள இருந்துதான் கட்டணும்" என்றார்.

அவர் செய்தது பாலியஸ்டர் ரெசினும் மேட்டும் (கண்ணாடி இழைகளைப் பசையால் சேர்த்துப் பிடித்த விரிப்பு). விரிசலின் இரண்டு நுனியிலும் மூன்று மில்லிமீட்டர் ஓட்டை போட்டார். விரிசல் மேற்கொண்டு ஓடாமல் நிற்க அதுதான் முட்டுக்கட்டை. உள்பக்கம் கிரைண்டரால் சரிவாகத் தேய்த்தார். நம் ஆட்கள் கஞ்சத்தனம் காட்டுவது இந்த இடத்தில்தான். சரிவு தடிப்பைப் போலப் பன்னிரண்டு மடங்கு அகலம் இருக்க வேண்டும்: மூன்று மில்லிமீட்டர் தடிப்புக்கு விரிசலின் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றரை அங்குலம். பழைய, இறுகிப்போன பாலியஸ்டரோடு புதிய பாலியஸ்டர் ரசாயனமாகப் பெரிதாகக் கலப்பதில்லை. சொரசொரப்பைக் கவ்விக்கொண்டுதான் நிற்கிறது. பரப்பு குறைந்தால் பிடி குறையும், அவ்வளவுதான். தேய்த்ததும் அசிட்டோனால் ஒரு துடை துடைத்தார். சுற்றிலும் நொடியில் காய்ந்துவிட, விரிசல் மிச்சமிருந்த இடத்தில் மட்டும் ஈரக் கோடு நின்றது. அந்தக் கோடு மறையும்வரை மறுபடியும் கிரைண்டர்.

450 கிராம் (ஒரு சதுர மீட்டர் எடை) மேட்டில் ஓர் அடுக்கு, ரெசினோடு சேர்ந்து ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வரும். மூன்று அடுக்கு, ஒவ்வொன்றும் வேறு வேறு அளவு, ஓரம் கத்திரியால் வெட்டாமல் கையால் பிய்த்தது. ஓரம் படிப்படியாக மெலிந்தால்தான் ஒட்டு முடிகிற இடத்தில் பாடி மறுபடி உடையாது. ரெசின் மேட்டின் எடையைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு போதும். பிரஷ்ஷால் தடவக்கூடாது, குத்த வேண்டும். வெள்ளை மேட் கண்ணாடி மாதிரி மறைந்துகொண்டே வரும். எங்காவது வெள்ளையாக நின்றால் அங்கே காற்று.

இதில் உயிர்ப் பிரச்சினை ஒன்று உண்டு. ரெசினை இறுக வைப்பது இரண்டு திரவம்: ஊதா நிறக் கோபால்ட், தண்ணீர் மாதிரி இருக்கிற கேட்டலிஸ்ட். கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கி முடித்த பிறகுதான் கேட்டலிஸ்ட். இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று சேர்த்தால் தீப்பற்றும், வெடிக்கும். இரண்டுக்கும் ஒரே ஸ்பூன்கூடக் கூடாது. கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். கண்ணாடி போடாமல் மூடியைத் திறக்க வேண்டாம். கேட்டலிஸ்ட்டின் அளவு, ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 கிராம். மே மாதச் சென்னையில் 20 கிராம் ஊற்றினால் குவளையிலேயே புகைந்து கட்டியாகிவிடும். அந்த அண்ணன் காலை ஆறு மணிக்கு வரச்சொன்னது ஏன் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

இடது பக்கம் இப்படி முடிந்தது. வலது பக்கத்தை நானே எபாக்சியில் (ஹார்டனர் கலந்து இறுக வைக்கிற இன்னொரு வகை ரெசின்) செய்வதாக இருந்தேன், ஆனால் நாள் தள்ளிக்கொண்டே போனது. அதற்குள் எட்டு மாதத்தில் இடது பக்கம் புதிய கோடு. அண்ணன் வைத்த ஒட்டு கல் மாதிரி அப்படியே இருந்தது. அதன் ஓரத்திலிருந்து ஒரு விரற்கடை தள்ளி, பழைய பாடியில் விரிசல். அப்போதுதான் மூளை வேலை செய்தது. அந்த மூலையை ஒட்டி, பாடியைச் சேசிஸோடு பிணைக்கிற போல்ட் இருக்கிறது. நடுவே இருக்க வேண்டிய ரப்பர் பேட் நாற்பது வருஷத்தில் பொடியாகிப் போயிருந்தது. யாரோ கடகட சத்தம் நிற்கட்டும் என்று போல்ட்டை முறுக்கி, ஃபைபரை இரும்போடு நசுக்கி வைத்திருந்தார்கள். சேசிஸ் ஒவ்வொரு முறை முறுகும்போதும் அந்த மூலைதான் அடி வாங்குகிறது. புதுப்பேட்டையில் ரப்பர் ஷீட் வாங்கி, வட்டமாக வெட்டி, அகலமான வாஷரோடு எல்லா இடத்திலும் மாற்றினேன். மொத்தச் செலவும் ஒரு டின் பட்டி விலைகூட வரவில்லை. இடது பக்கத்தின் புதிய கோட்டுக்கு அதே அண்ணன், அதே மேட்.

வலது பக்கம் எபாக்சி. பேட் மாற்றிய பிறகு செய்ததால் இது நியாயமான போட்டி இல்லை என்று முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கையில் தெரிகிற வித்தியாசங்கள் உண்டு. எபாக்சி பழைய பாலியஸ்டர் மேல் பாலியஸ்டரைவிடக் கெட்டியாகப் பிடிக்கும், இறுகும்போது சுருங்குவது மிகக் குறைவு, உடையுமுன் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். பாலியஸ்டர் நன்றாகவே சுருங்கும். இடது பக்கப் பெயின்ட்டில் வெயில் சாய்வாக விழும்போது ஒட்டின் வடிவம் லேசாகத் தெரிவது அதனால்தான்.

அதற்காக எபாக்சிதான் எல்லாவற்றுக்கும் மேல் என்று சொல்ல மாட்டேன். முதலில் விலை, பாலியஸ்டரைப் போல இரண்டு மூன்று மடங்கு. இரண்டாவது, சாதாரண மேட் இதற்கு ஆகாது. மேட்டின் இழைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கிற பசை பாலியஸ்டரில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும். எபாக்சியில் கரையாமல் மேட் விறைத்துக்கொண்டு மூலையில் படியவே படியாது. நெய்த கிளாத் வாங்க வேண்டும். அதற்கு ரெசின் ஏறக்குறைய துணியின் எடை அளவே போதும். மூன்றாவது அளவு. சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டி ஊற்றுவது பாலியஸ்டர் பழக்கம். எபாக்சியில் அப்படிச் செய்தால் மிஞ்சிய ஹார்டனர் உள்ளேயே தங்கி, கடைசிவரை ரப்பராக இருக்கும். டப்பாவில் போட்ட விகிதத்தைத் தராசில் நிறுத்துத்தான் கலக்க வேண்டும். எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு சமையலறைத் தராசு புதிதாக வாங்கப்பட்டது, அது தனிக் கதை.

நான்காவதுதான் யாரும் சொல்லாதது, நம் வெயில். அறைச் சூட்டில் இறுகுகிற எபாக்சிகளில் பலவும் 50, 60 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். கறுப்பு, கருநீல வண்டியை மதியம் ஒரு மணிக்குக் கடற்கரைச் சாலையில் நிறுத்தினால் பாடி அந்தச் சூட்டைத் தாண்டும். உடனே பெயின்ட் அடித்திருந்தால் துணியின் பின்னல் பெயின்ட்டில் அச்சு விழும். ஒட்டு போட்டு முடித்து ஒரு நாள் ஆனதும், பட்டி பெயின்ட் எதுவும் போடாமல் ஒரு வாரம் பத்து நாள் வெயிலிலேயே வண்டியை விட்டுவைத்தேன். அந்தச் சூட்டிலேயே அது மேலும் இறுகித் தேறும். பாலியஸ்டருக்கும் இந்தப் பொறுமை நல்லது. சுருங்க வேண்டியதெல்லாம் பெயின்ட்டுக்கு முன்பே சுருங்கிவிடும்.

மழைக்காலத்தில் எபாக்சி வேண்டவே வேண்டாம். ஈரக் காற்றில் மேலே மெழுகு மாதிரி ஒரு பிசுக்குப் படரும். அதைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவாமல் அடுத்த அடுக்கோ பட்டியோ போட்டால் பிடிக்காது. ஐப்பசி கார்த்திகையில் பாலியஸ்டரும் தகராறுதான், மேட் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தை, மாசிதான் இந்த வேலைக்கு ஏற்ற காலம்.

நடுவில் ஒரு வழி உண்டு, வினைல் எஸ்டர் ரெசின். அதே கேட்டலிஸ்ட், அதே மேட், பிடிப்பு பாலியஸ்டரைவிட மேல். படகு ரெசின் விற்கிற கடைகளில் கேட்டுப் பாருங்கள். நான் பயன்படுத்தியதில்லை, அடுத்த முறை இதைத்தான் எடுப்பேன்.

பாகத்தையே மாற்றுவது? ஓட்டத்தில் உள்ள வண்டிக்குச் சரி. டால்ஃபினுக்குப் புதுப் பாகம் எங்கே கிடைக்கும்? நல்ல வண்டி ஒன்றிலிருந்து அச்சு எடுத்து மூலையை மட்டும் புதிதாக வார்த்து ஒட்டலாம். பாடி துண்டாகச் சிதறியிருந்தால் தவிர எனக்கு அது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது. ஒட்டுகிற ஓரத்துக்கு மறுபடி அதே சரிவு, அதே மேட்தானே.

என் கணக்கு இப்படி: வீட்டு வாசலில் நிற்கிற வண்டி, கையெட்டும் உள்பக்கம், நாலு அங்குல விரிசல் என்றால் காசிமேட்டு வைத்தியம் தாராளம். போல்ட், கீல், கண்ணாடிச் சட்டம் மாதிரி இழுவை விழுகிற இடத்திலோ, மெல்லிசான பாடியிலோ, பழைய ஒட்டு பிய்ந்து வந்த இடத்திலோ எபாக்சிக்குக் காசைக் கொட்டலாம். இரண்டுக்கும் முன்னால் ஓர் ஒற்றை ரூபாயை எடுத்துச் சுற்றிலும் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் 'டக்' என்று கேட்கும், அடுக்கு பிரிந்த இடம் 'தொப்' என்று கேட்கும். விரிசல் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் முடிவதில்லை.

பேட் மாற்றி மூன்று வருஷம் ஆகிறது. இரண்டு மூலையும் அசையவில்லை. பானட்டில் மட்டும் சிலந்தி வலை மாதிரிக் கோடுகள் இருக்கின்றன. டார்ச் அடித்துப் பார்த்தேன், உள்ளே கறுப்புக் கோடு எதுவும் இல்லை; ஃபைபரின் மேல்பூச்சான ஜெல்கோட் மட்டும் வெடித்திருக்கிறது. அடுத்த முறை பெயின்ட் அடிக்கும்போது சுரண்டிக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறேன். மாமனார் வரும்போதெல்லாம் அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, துரு இல்லையே என்கிறார்.