ஈரப் புல் சைலேஜுக்கு மொலாசஸா, தவிடா?

பசுந்தீவனத்தைக் காற்றுப் புகாமல் அடைத்துச் சைலேஜாக்கும்போது, அதிலுள்ள சர்க்கரையை லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் அமிலமாக மாற்றுகின்றன. கார அமில நிலை (pH) 4-ஐ ஒட்டி இறங்கியபின் தீவனம் கெடாமல் நிற்கிறது. உரிய பருவத்தில் அறுத்த மக்காச்சோளத்தில் சர்க்கரையும் உலர்பொருளும் (நீர் நீங்கலான பகுதி) போதிய அளவு இருப்பதால் பெரும்பாலும் எதையும் சேர்க்க வேண்டியதில்லை. நேப்பியர் போன்ற புல்வகைகளிலும் பயறுவகைத் தீவனங்களிலும்தான் துணைப்பொருள் தேவைப்படுகிறது. அங்கே குறைவது சர்க்கரையா, உலர்பொருளா என்று பாராமல், எல்லாவற்றுக்கும் சர்க்கரை ஆலையில் மிஞ்சும் பாகான மொலாசஸைப் பரிந்துரைக்கும் வழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

மொலாசஸின் எடையில் ஏறத்தாழப் பாதி சர்க்கரை. பாக்டீரியாக்கள் அதை உடனே பயன்படுத்திக்கொள்வதால் நொதித்தல் விரைவாகத் தொடங்குகிறது. ஆனால் அது ஈரத்தைப் பெரிதாகக் குறைக்காது. 20 விழுக்காடு உலர்பொருளுள்ள 1,000 கிலோ இளம்புல்லில் 30 கிலோ மொலாசஸைக் கலந்தால் உலர்பொருள் 22 விழுக்காட்டைக்கூட எட்டுவதில்லை. நீரில் கரைத்துத் தெளித்தால் இன்னும் குறையும். இவ்வளவு ஈரமான குழியிலிருந்து சாறு வடியும்போது, விலை கொடுத்து வாங்கிய சர்க்கரையில் ஒரு பகுதியும் அதோடு போய்விடுகிறது. தீவனத்தைக் கெடுக்கும் கிளாஸ்ட்ரிடியம் பாக்டீரியாக்கள் பெருகி, துர்நாற்றம் தரும் பியூட்டிரிக் அமிலம் உண்டாகும் அபாயமும் முற்றிலும் நீங்குவதில்லை.

அதே புல்லில் 100 கிலோ தவிட்டைச் சேர்த்தால், தவிட்டில் உலர்பொருள் 90 விழுக்காடு என்று கொண்டால், கலவை 26 விழுக்காட்டைத் தாண்டுகிறது. சாறு வடிவது குறைகிறது, புரதமும் கூடுகிறது. சேர்த்த தவிடு பெரும்பாலும் தீவனத் தொட்டிக்கே திரும்பி வருவதால், அந்த அளவுக்கு அடர்தீவனத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்பதே என்னைத் தவிட்டின் பக்கம் சாய்க்கும் காரணம். குறையும் உண்டு: தவிட்டிலுள்ள மாவுச்சத்தைப் பெரும்பாலான லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் நேரடியாகப் பயன்படுத்துவதில்லை, எண்ணெய் நீக்காத அரிசித் தவிடு விரைவில் காறிப்போகும் என்பதால் புதியதாக இருக்க வேண்டும்.

பயறுவகைத் தீவனத்தில் நிலைமை வேறு. சர்க்கரை குறைவாக இருப்பதோடு, அதிலுள்ள புரதமும் தாதுக்களும் அமிலம் ஏறுவதைத் தடுக்கின்றன. வெயிலில் வாட்டி ஈரத்தைக் குறைத்தபின் மொலாசஸ் சேர்ப்பதே அதற்குப் பொருத்தம்.

உலர்த்திய ஆரஞ்சுச் சக்கையும் சர்க்கரை பீட் கிழங்குச் சக்கையும் நீரை நன்றாக உறிஞ்சும். கிடைத்தால் தவிட்டுக்கு ஈடாகும், ஆனால் புரதத்தில் பின்தங்கும். மதுபான ஆலையின் ஈர மால்ட் சக்கை புரதம் மிக்கது என்றாலும் முக்கால் பங்குக்கு மேல் நீர்தான். அதை ஈரப் புல்லுடன் சேர்ப்பது தவறு, நறுக்கிய வைக்கோலுடன் சேர்த்து அடைக்கலாம்.

தேர்வுக்கு ஒரு கைப்பிடி போதும். நறுக்கிய தீவனத்தை இறுக்கிப் பிழியும்போது சாறு சொட்டினால் முதலில் வாட்ட வேண்டும், மழையால் வாட்ட இயலாவிட்டால் தவிடு சேர்க்க வேண்டும். சாறு வராமல், பிடித்த உருண்டை கையைத் திறந்ததும் மெல்ல விரிந்தால் ஈரம் சரியாக இருக்கிறது, அப்போது மொலாசஸுக்குச் செலவிடும் பணம் வீணாகாது.